ஸ்வான்சியில் செம்பு நாட்கள்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேல்ஸின் தென்கரையில் இருக்கும் ஸ்வான்சிக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிற நம்மவர்கள், முதல் வருடம் கடற்கரை, மார்க்கெட், மம்பிள்ஸ் ஐஸ்கிரீம் என்று சுற்றிவிடுகிறார்கள். ஊருக்கு வடக்கே டாவே ஆற்றோரம் நிற்கும் பழைய கல் கட்டடங்களைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஒரு காலத்தில் உலகத்தின் செம்புத் தலைநகரம் அந்த ஆற்றங்கரைதான். 'காப்பரோபொலிஸ்' என்று இந்த ஊருக்குப் பட்டப்பெயரே உண்டு. அங்கே கடைசி ஆலை மூடியது 1980இல். வருடத்தில் சில நாட்கள் ஊர்மக்கள் பூட்டிய கதவுகளைத் திறந்து காட்டுகிறார்கள். கூட்டமாக நடத்திக் கூட்டிப்போகிறார்கள், அருங்காட்சியகத்தில் பேச்சு வைக்கிறார்கள், படகில் ஏற்றி ஆற்றில் கொண்டுபோகிறார்கள். இவற்றில் புதிதாக வந்த ஒருவர் எப்படிச் சேர்ந்துகொள்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

'இது வெள்ளைக்காரர்களின் ஊர்க்கதை, நமக்கென்ன' என்று ஒதுங்க வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே செம்புப் பணத்தில் எழுந்த இடங்களுக்கு நடுவில்தான் நடமாடுகிறீர்கள். ஸ்வான்சிப் பல்கலைக்கழகத்தின் சிங்கிள்டன் வளாகத்தில் இருக்கும் சிங்கிள்டன் அபே, செம்பு முதலாளிகளான விவியன் குடும்பத்தின் மாளிகை. மாரிஸ்டன், செம்பு முதலாளி ஜான் மாரிஸ் தன் தொழிலாளர்களுக்காகத் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். அவர் பெயர்தான் அதற்கு. 1911இல் திறந்த க்ளின் விவியன் ஓவியக்கூடமும் அதே பணத்தில் வந்தது. அதைவிட முக்கியமாக, இங்கே உருகிய செம்பு சென்னைக் கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1. கதையை அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளுங்கள்

எதுவும் தெரியாமல் போனாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனாலும் நாலு விஷயம் தெரிந்து போனால் கேட்பதெல்லாம் மனதில் ஒட்டும்.

ஸ்வான்சியில் செம்புத் தாது கிடையாது. அப்புறம் ஏன் இங்கே? நிலக்கரிதான் காரணம். அந்தக் காலத்தில் செம்பு உருக்க, தாதுவைவிட எடையில் அதிகமாக நிலக்கரி வேண்டும். அதனால் கரி இருக்கிற இடத்துக்குத் தாதுவைக் கொண்டுவருவதுதான் லாபம். ஸ்வான்சியில் கரி தரைக்கு அருகிலேயே கிடைத்தது. டாவே ஆற்றில் சில மைல் உள்ளே வரை கப்பல் வரும். எதிர்க்கரையான கார்ன்வாலில் தாது இருந்தது. மூன்றும் சேர்ந்ததில் 1717இல் லேண்டோர் பகுதியில் முதல் உருக்காலை வந்தது. 1737இல் ஒயிட் ராக், 1810இல் விவியன்களின் ஹாவோட், அதையடுத்து பக்கத்திலேயே போட்டி நிறுவனத்தின் மோர்வா என்று ஆற்றின் இரு கரையும் நிறைந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் உருகிய செம்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஸ்வான்சியைச் சுற்றித்தான் உருகியது. கார்ன்வால் தாது போதாமல், கியூபா, சிலி, தென் ஆஸ்திரேலியாவிலிருந்தெல்லாம் கப்பலில் வந்தது. தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிக் கரி ஏற்றிப் போய்த் தாது ஏற்றித் திரும்பிய ஸ்வான்சி மாலுமிகளுக்குக் 'கேப் ஹார்னர்' என்று தனிப்பெயரே இருந்தது.

பிற்பாடு சிலியும் அமெரிக்காவும் தங்கள் தாதுவைத் தாங்களே உருக்கத் தொடங்க, இங்கே உருக்கும் வேலை தேய்ந்து, தகடு உருட்டும் வேலை மட்டும் நீடித்தது. ஹாவோட்டும் மோர்வாவும் 1920களில் ஒன்றாகிப் பல கை மாறி, 1980இல் மூடின.

பெயரைச் சொல்லும்போது ஒரு சின்ன விஷயம். வெல்ஷ் மொழியில் ஒற்றை எஃப் எழுத்து வகர ஒலி. பலகையைப் பார்த்து 'ஹஃபோட்', 'மோர்ஃபா' என்று படிக்காமல் 'ஹாவோட்', 'மோர்வா' என்று கேட்டால் பேருந்து ஓட்டுநருக்கும் உடனே புரியும்.

2. விழா நாளுக்கு முன்னால் ஒருமுறை தனியாக நடந்து பாருங்கள்

இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். விழா நாளில் கூட்டம், கூடாரம், பேச்சு எல்லாம் இருக்கும். இடம் கண்ணில் படாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வந்தால், அப்புறம் விழாவில் வழிகாட்டி கையை நீட்டும் திசையெல்லாம் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும்.

ரயில் நிலையத்திலிருந்து வடக்கே நீத் ரோடு வழியாக நடந்தால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். காரில் வந்தால், காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறும் இடமான லேண்டோர் பார்க் அண்ட் ரைடு, பழைய ஆலை நிலத்திலேயே இருக்கிறது. எதிர்ப்பக்கம் கால்பந்து மைதானம் தெரியும்.

போகும் வழியில் ஹாவோட் குடியிருப்புத் தெருக்களுக்குள் திரும்புங்கள். விவியன்கள் தொழிலாளர்களுக்காக உண்டாக்கிய பகுதி இது. தெருப்பெயர்களிலேயே அந்தக் குடும்பத்தார் இருக்கிறார்கள். ஓடோ ஸ்ட்ரீட் ஓர் உதாரணம். இங்கே வீட்டு மதில்களின் உச்சியைப் பாருங்கள். கருத்த, கனத்த கட்டிகளை வரிசையாக வைத்துக் கட்டியிருப்பார்கள். கல் என்று நினைத்துவிடுவோம், அது உலைக்கசடு. செம்பு பிரிந்தபின் மிஞ்சும் கசடைக் கொதிக்கக் கொதிக்க அச்சில் ஊற்றி வார்த்த மதில் மூடிகள். கிட்டே போய்ப் பார்த்தால் கரிய ஊதா நிறத்தில் இரும்பு மினுக்கம் தெரியும். மேல்தோலில், ஆறிய பாலின் ஏடு போலச் சுருக்கங்கள். உடைந்த இடத்தில் குமிழி வெடித்த துளைகள். ஆலை தன் கழிவையே ஊருக்குக் கட்டுமானப் பொருளாகக் கொடுத்திருக்கிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால், அப்புறம் ஸ்வான்சி முழுக்க அதுவே தெரியும்.

ஆலை வளாகத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு எஞ்சின் வீடுகள்: விவியன் எஞ்சின் வீடு, மஸ்கிரேவ் எஞ்சின் வீடு. மஸ்கிரேவ் எஞ்சின் 1910இல் போல்டன் நகரில் செய்த நீராவி எஞ்சின். செம்பைத் தகடாக உருட்டும் உருளைகளோடு இன்னும் நிறுவிய இடத்திலேயே இருக்கிறது. அவற்றைத் தாண்டி, பழைய மின்நிலையக் கட்டடத்தில் 2023 முதல் பெண்டெரின் விஸ்கி வடிப்பாலை நடக்கிறது. குடிப்பழக்கம் இல்லாதவர்களும் கட்டடத்தைப் பார்க்கலாம். பழைய சுவரை எவ்வளவு கவனமாக மீட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கே போகலாம். உள்ளே சுற்றிக்காட்டுவதற்குக் கட்டணம் உண்டு.

நேரம் இருந்தால் பாலம் கடந்து கிழக்குக் கரையில் ஒயிட் ராக் இருந்த இடத்துக்கும் போங்கள். பார்க்கக் கட்டடம் பெரிதாக ஒன்றும் இல்லை. புல்லும் மரமும் துறைச்சுவரின் மிச்சமும்தான். பின்னால் கில்வி மலை. அந்த மலையை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கதையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டு எச்சரிக்கை. வேலி போட்ட இடத்துக்குள் ஏறாதீர்கள். இடிபாடு, பள்ளம், கம்பி எல்லாம் உண்டு. கசடுத் துண்டு எதையும் நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள். அந்த மண்ணில் கன உலோகங்கள் கலந்திருக்கின்றன. குழந்தைகள் மண்ணைத் தொட்டிருந்தால், பிஸ்கட்டைக் கையில் கொடுக்கும் முன் கையைக் கழுவ வையுங்கள்.

3. எந்த நாளில் என்ன நடக்கிறது

முதன்முறை போகிறவர்களுக்குச் செப்டம்பர்தான் சரியான மாதம். வேல்ஸ் அரசின் பாரம்பரியச் சின்னங்களைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பான காடூ, ஒவ்வொரு செப்டம்பரிலும் 'ஓப்பன் டோர்ஸ்' நடத்துகிறது. ஐரோப்பா முழுவதும் நடக்கும் பாரம்பரிய நாட்களின் வேல்ஸ் பகுதி அது. வழக்கமாகப் பூட்டியிருக்கும் இடங்களையும் அந்த மாதம் இலவசமாகத் திறந்து காட்டுகிறார்கள். ஸ்வான்சி வட்டாரத்தில் எந்தெந்த இடம் திறக்கிறது என்று ஆகஸ்டிலிருந்தே காடூவின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டிருங்கள். இலவசம்தானே என்று அன்று காலையில் கிளம்பினால் ஏமாற்றம்தான். சில இடங்களுக்கு முன்பதிவு வேண்டும், எஞ்சின் வீடு போன்ற நெருக்கமான இடங்களில் சிறு சிறு குழுவாகத்தான் உள்ளே விட முடியும். பதிவு செய்துவிட்டுப் போக முடியாமல் போனால் தயவுசெய்து ரத்து செய்யுங்கள். அந்த இடம் இன்னொருவருக்குக் கிடைக்கும்.

மற்ற மாதங்களில், துறைமுகப் பக்கம் இருக்கும் தேசிய நீர்முனை அருங்காட்சியகத்தைக் கவனியுங்கள். 2005இல் திறந்தது, அனுமதி இலவசம், வேல்ஸின் தொழில் வரலாறுதான் அதன் பொருள். பள்ளி விடுமுறை வாரங்களில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள் இருக்கும். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஸ்வான்சி அருங்காட்சியகம்; 1841இல் திறந்த கட்டடம், செம்புப் பணக்காரர்களும் அறிஞர்களும் கூடிப் பேசிய இடம்.

கோடையில் 'காப்பர் ஜாக்' என்ற படகு. சமூக அறக்கட்டளை ஒன்று தன்னார்வலர்களை வைத்து நடத்துவது. படகுத்துறையிலிருந்து டாவே ஆற்றில் மேலே போய்ப் பழைய ஆலைகளின் பக்கம் காட்டித் திரும்பும். தாது ஏற்றிய கப்பல்கள் வந்த அதே வழி. நீரிலிருந்து பார்க்கும்போதுதான் ஏன் எல்லா ஆலையும் கரையை ஒட்டியே நின்றது என்று விளங்கும். பயணம் உண்டா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வானிலையும் ஆளும் ஒத்துவந்தால்தான் படகு.

இவை தவிர, 'ஹாவோட் மோர்வா செம்பு ஆலை நண்பர்கள்' என்று ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. நடை, திறந்த நாள், சுத்தம் செய்யும் நாள் என்று அறிவிப்பார்கள். அவர்களுடைய சமூக வலைதளப் பக்கத்தைப் பின்தொடர்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

4. அன்றைக்கு எப்படிப் போவது

மழைக்கோட்டு, நனைந்தாலும் வழுக்காத காலணி. குடையை நம்ப வேண்டாம், ஆற்றோரக் காற்று திருப்பிவிடும். தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால், அல்லது பெரியவர்களுக்கு முட்டிவலி என்றால், பாதை எப்படி என்று முன்கூட்டியே கேட்டு எழுதுங்கள். கரடுமுரடான பகுதிகள் உண்டு, ஆனால் கேட்டால் மாற்றுவழி சொல்வார்கள். கழிப்பறை வசதி எல்லா இடத்திலும் இருக்காது. சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது.

போனதும் நுழைவிடத்தில் நிற்பவரிடம் 'முதல்முறை வருகிறேன்' என்று சொல்லிவிடுங்கள். நம்மில் பலர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். இங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள்; சொல்ல ஆள் கிடைத்தால் போதும் என்று காத்திருப்பவர்கள். அவர்களில் அப்பா, தாத்தா இந்த ஆலையில் உழைத்தவர்கள் இருப்பார்கள். பேச்சு வேகமாக இருந்தால் 'கொஞ்சம் மெதுவாக' என்று கேட்பதில் தவறில்லை. முடிந்ததும் 'டியோல்க்' என்று வெல்ஷ் மொழியில் ஒரு நன்றி சொல்லுங்கள். உண்டியல் இருந்தால் முடிந்ததைப் போடுங்கள். இலவச நிகழ்ச்சிகளுக்கும் செலவு உண்டு.

5. என்ன கேட்பது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேட்காமல் வந்தால் பழைய சுவர் பார்த்ததாக மட்டும் இருக்கும். மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது, உலைக்காரரின் கைவேலை. 'வெல்ஷ் முறை' என்று உலகம் சொன்ன முறை இது. எதிரொளி உலையில் கரி ஒரு பக்கம் எரியும், தாது இன்னொரு பக்கம் இருக்கும். தீநாக்கு வளைந்த கூரையில் பட்டுத் தாதுவின் மேல் இறங்கும். கரி செம்பைத் தொடாது. வறுப்பது, உருக்குவது, கசடை வழித்தெடுப்பது, மறுபடி வறுப்பது என்று திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் மேல்தோல் கொப்புளித்த செம்பு கிடைக்கும். அதன்பின் சுத்திகரிப்பு. உருகிய செம்பில் ஆக்சிஜன் மிகுந்திருக்கும். அதை எடுக்க, மேலே கரித்தூளைப் பரப்பிவிட்டு, பச்சை மரக்கழி ஒன்றை உள்ளே அழுத்துவார்கள். பச்சை மரத்திலிருந்து வாயு கொப்பளித்துக் கிளம்பிச் செம்பைக் கலக்கி ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு போகும். எப்போது நிறுத்துவது? அதில்தான் அனுபவம். சுத்திகரிப்பவர் சின்னக் கரண்டியில் கொஞ்சம் அள்ளி, ஆறவைத்து, வைஸ் என்ற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் வைத்து வளைத்து உடைத்துப் பார்ப்பார். உடைந்த முகம் மங்கிய கருஞ்சிவப்பாக, பரும்படியாக இருந்தால் இன்னும் கழி வேண்டும். மெல்லிய சிவப்பில் பட்டு இழை மாதிரி மின்னினால் பதம் வந்துவிட்டது. அதையும் தாண்டிவிட்டால் செம்பு மறுபடி நொறுங்கும். கழியை எடுத்துவிட்டுக் கொஞ்சம் காற்றுப் பட விட வேண்டும். வெப்பமானி இல்லை, ரசாயனச் சோதனை இல்லை. கண்ணும் கையும்தான். பெரிய முதலாளிகளின் பெயர் தெருவுக்கெல்லாம் இருக்கிறது. பதம் பார்த்த அந்த ஆட்களின் பெயர் எதிலும் இல்லை. அதனால் இதைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, புகை. தாதுவில் இருந்த கந்தகமும் ஆர்சனிக்கும் புகையாக மேலே போய்ப் பள்ளத்தாக்கில் இறங்கின. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். எனவே அடி முழுவதும் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த கில்வி மலைக்கு. மரம், புல், கடைசியில் மேல்மண்ணும் போய், மலை மொட்டையானது. வசதியானவர்கள் காற்றுக்கு எதிர்த்திசையில், மேற்கே வீடு கட்டிக்கொண்டார்கள். சிங்கிள்டன் அங்கே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1821இல் புகைக்குத் தீர்வு காண்பவருக்கு 1000 பவுன் பரிசு என்று நிதி திரட்டினார்கள். ஹம்ஃப்ரி டேவி, மைக்கேல் ஃபாரடே போன்ற விஞ்ஞானிகளிடம் ஆலோசனை கேட்டார்கள். பெரிதாகப் பலிக்கவில்லை. 1833இல் விவசாயிகள் விவியன் மேல் தொடுத்த வழக்கும் தோற்றது. கந்தகத்தைப் பிடித்து அமிலமாக்கி விற்கும் உலைகளை விவியன் ஆலை 1860களில்தான் வைத்தது.

ஆலைகள் ஒவ்வொன்றாகப் போனபின் மிஞ்சியது கசடு மேடுகளும் செத்த மண்ணும். 1961இல் பல்கலைக்கழகமும் நகராட்சியும் சேர்ந்து 'கீழ் ஸ்வான்சிப் பள்ளத்தாக்குத் திட்டம்' தொடங்கின. உலோகம் கலந்த மண்ணில் எந்தப் புல் பிழைக்கும் என்று சோதித்தார்கள். மேடுகளைக் கரைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து மரம் நட வைத்தார்கள். இன்று கில்வி மலையில் இருக்கும் காடு அப்படி வந்தது. விழாவுக்கு வரும் அறுபது, எழுபது வயதுக்காரர்களிடம் 'நீங்கள் பள்ளியில் மரம் நட்டீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அதற்குப் பிறகு தானாக ஓடும்.

இதைக் கேட்கும்போது தமிழர்களுக்குத் தூத்துக்குடி நினைவு வராமல் இருக்காது. செம்பு உருக்காலைக்கு எதிராகத் திரண்ட மக்களின் மேல் 2018 மே 22இல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. இங்கே யாராவது 'உங்கள் ஊரில் எப்படி?' என்று கேட்டால் சொல்லுங்கள். புகையோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள்; அவர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியிருக்காது.

மூன்றாவது, அடிமை வணிகம். இதைக் கேட்கத் தயங்குவார்கள். தயங்க வேண்டாம், மரியாதையாகக் கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கப் பயன்பட்ட மனில்லா என்ற வளையங்கள் ஒயிட் ராக்கில் செய்யப்பட்டன. அந்த ஆலையில் 'மனில்லா வீடு' என்றே ஒரு கட்டடம் இருந்தது. கரும்புச்சாறு காய்ச்சும் செம்புக் கொப்பரைகள் கரீபியத் தோட்டங்களுக்குப் போயின. பிரிட்டன் 1833இல் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றிய பிறகும், கியூபாவின் எல் கோப்ரே சுரங்கத்தில் அடிமைகள் வெட்டிய தாது ஸ்வான்சிக்கு வந்துகொண்டிருந்தது. பெருமையை மட்டும் கொண்டாடினால் அது பாதிக் கதை. இங்குள்ள ஆய்வாளர்களும் இதை வெளிப்படையாகவே பேசி எழுதியிருக்கிறார்கள், ஆகவே உங்கள் கேள்வி யாரையும் புண்படுத்தாது.

6. நீங்களும் ஏதாவது கொண்டுபோங்கள்

சில நிகழ்ச்சிகளில் 'உங்கள் வீட்டுப் பொருளைக் காட்டுங்கள்' என்று மேசை போடுவார்கள். இல்லாவிட்டாலும், அமைப்பாளருக்கு முன்கூட்டி மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் ஓரத்தில் ஒரு மேசை கிடைக்க வாய்ப்புண்டு. தமிழ்ச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

என்ன வைக்கலாம்? வீட்டில் கம்பெனிக் காலத்துச் செப்புக்காசு இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக பர்மிங்காமின் சோஹோ நாணயச் சாலையில் அடித்து அனுப்பிய '20 காசு' நாணயம் நம் பக்கத்தில் பலர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் 1803 அல்லது 1808 என்ற ஆண்டும், மறுபக்கம் பாரசீக எழுத்தும் இருக்கும். இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டுத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போனது. பிரிட்டனின் செம்பில் மிகப் பெரும்பகுதி இந்தப் பள்ளத்தாக்கில் உருகிய வருடங்கள் அவை. இன்னொன்றும் சொல்லலாம்: இந்தியச் சந்தையில் ஜப்பான் செம்புக்கு மதிப்பு இருந்ததால், பிரிட்டிஷ் உருக்காலைகள் அதே மாதிரி சிறு பாளங்களாக வார்த்து 'ஜப்பான் செம்பு' என்றே கம்பெனிக்கு விற்றன. ஸ்வான்சிக்காரர்கள் பலருக்கே இது புதுச் செய்தி.

காசு இல்லையா, செம்புக் குடம், சொம்பு, பஞ்சபாத்திரம், எது இருந்தாலும் சரி. கூடவே ஒரு கிண்ணத்தில் ஊறவைத்த புளியும் கல்லுப்பும். கறுத்த சொம்பின் பாதியை மட்டும் துலக்கிக் காட்டுங்கள். புளியின் அமிலம் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து, அடியிலிருந்து ரோஜா நிறச் செம்பு வெளிவரும். மேசையைச் சுற்றிக் குழந்தைகள் வந்துவிடுவார்கள். பழைய துணி, கையுறை, ஒரு வாளித் தண்ணீர், மேசைக்கு விரிக்க பிளாஸ்டிக் தாள் மறக்காதீர்கள். துலக்கிய புளியைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கொண்டுபோய் விற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது வேறு விஷயம். உணவு விற்கும் கடைக்கு நகராட்சியின் பதிவும் சுகாதார விதிகளும் இருக்கின்றன. முதல் வருடம் அதில் இறங்காதீர்கள்.

7. தொடர்ந்து வர நினைத்தால்

தன்னார்வலராகச் சேர்வது எளிது. முன்பு சொன்ன ஆலை நண்பர்கள் குழுவுக்கு எழுதினால் அடுத்த வேலைநாள் எப்போது என்று சொல்வார்கள். செடி வெட்டுதல், குப்பை அகற்றுதல், விழா நாளில் வரவேற்பு, பழைய படங்களை வரிசைப்படுத்துதல், இப்படி உடலுக்கும் நேரத்துக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்கலாம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சம்பளம் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட நேரம், கடமை என்று வேலை மாதிரி அமைந்தால் அது உங்கள் வாராந்தர வேலை நேரக் கணக்கில் வரும். விரும்பியபோது வந்து உதவும் தொண்டு அப்படி வராது. சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செடி வெட்டும் நாளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். மூங்கில் மாதிரி கணு கணுவாக, சிவப்புப் புள்ளி போட்ட தண்டும் இதய வடிவ இலையுமாக ஒரு செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கும். அது ஜப்பானிய நாட்வீட். ஸ்வான்சியை மிகவும் பாடுபடுத்தும் களை. விரல் நுனி அளவு வேர்த்துண்டு போதும், புதுச் செடி முளைத்துவிடும். நல்லது செய்வதாக நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். எங்கே பார்த்தீர்கள் என்று குழுத் தலைவரிடம் காட்டுங்கள். அதற்கென்று முறை வைத்திருக்கிறார்கள். கிளம்பும் முன் காலணியின் அடியில் ஒட்டிய மண்ணை அங்கேயே தட்டிவிட்டு வாருங்கள்.